கங்காணிக்கு ஐஸ்

ஆடி பிறந்தால் பசறைப் பக்கம் இப்படித்தான்.
அட்டனில் குடை விரியும்,
எங்கள் மலை காயும்.
பீலியில் நூலளவு தண்ணீர்,
ஒரு குடம் நிறைவதற்குள்
ஒரு குடும்பச் சண்டையைப் பேசி முடிக்கலாம்.

கங்காணி கானுக்குள் கிடக்கிறது.
கங்காணி எங்கள் நாய்.
கொழுந்து நிரைக்குப் பின்னால்
கையைக் கட்டாத குறையாக நடந்துவரும்,
யார் பின்தங்கினாலும் நின்று பார்க்கும்.
பெயர் வைத்தவள் கோமளம்.
நிஜக் கங்காணி ஒரு கிழமை
எங்களோடு பேசவில்லை.

இன்று அதன் நாக்கு
கொடியில் போட்ட துணிபோல் தொங்குகிறது.

ஊசி போட வந்த மிருக வைத்தியர்
பிரட்டுக் களத்தில் சொன்னது நினைவிருந்தது:
வெங்காயம் ஆகாது, திராட்சை ஆகாது,
சொக்லட் நஞ்சு,
சீனியும் உப்பும் அதற்கு எதற்கு.
“அப்போ எங்க கறி ஒண்ணுமே ஆகாதே, சேர்”
என்றாள் கோமளம்.
அவர் சிரிக்காமல்
அடுத்த நாயின் காதைப் பிடித்தார்.

பப்பாசி ஒன்று,
குருவி கொத்திய பக்கத்தை வெட்டி எறிந்து
விதையை முழுக்க வழித்தேன்.
வெலிமடைக் கரட் இரண்டு, அவித்து மசித்தது.
ஒரு கீற்றுப் பூசணி.
புளிக்காத தயிர் மூன்று கரண்டி
(அது எனக்கென்று வைத்திருந்தது,
அந்தக் கதை வேண்டாம்).
கழுவி வைத்த யோகட் கோப்பை ஆறில் ஊற்றினேன்.
குச்சி செருகவில்லை, குச்சியையும் விழுங்கும்.
பிடிக்க ஒரு கரட் துண்டு போதும்.

ஐஸ்பெட்டி எங்கள் லயத்தில் இல்லை,
சந்திக் கடை மரியசீலியிடம் உண்டு.
“யாருக்கு?”
“கங்காணிக்கு.”
“அந்த ஆளுக்கா?” மூடியை இறக்கினாள்.
“நாலு கால் கங்காணிக்கு.”
மூடி திறந்தது.
மீனுக்கும் ஐஸ் பக்கெட்டுக்கும் நடுவே இடம் ஒதுக்கி
கரண்ட் காசு கோப்பைக்கு ஐந்து என்று
கொப்பியில் எழுதினாள்:
நாய் ஐஸ், ஆறு.

மறுநாள் கொழுந்து நிறுத்துவிட்டு
படங்கில் சுற்றி எடுத்து வந்தேன்.
இஸ்தோப்பில் பக்கத்துக் காம்பரா யுகேந்திரன்,
“எனக்கு?” என்றான்.
கொடுத்தேன். நக்கினான்.
“சீனி போட மறந்துட்டீங்க அக்கா.”
உள்ளே ஓடினான், ஒரு பிடி சீனியோடு வந்தான்,
தூவித் தின்றான்,
இன்னொன்று கேட்டான்.
ஆக, நாய்க்கு நாலு.

கங்காணி முகர்ந்தது, பின்வாங்கியது.
செம்மஞ்சள் கட்டியைப் பார்த்து
ஒரே ஒரு தரம் குரைத்தது.
முன்காலால் தட்டிவிட்டு
சுட்டதுபோல் காலை உதறியது.
பிறகு நாக்கின் நுனி.
பிறகு முழு நாக்கு.
கண் பாதி மூடியது.
இரண்டு கட்டி போன இடம் தெரியவில்லை.

மூன்றாவதைத் தின்னவில்லை.
பல் கூசக் கூசக் கவ்விக்கொண்டு
ஏழாம் நம்பர் மலைக்கு ஓடியது.
தேயிலைத் தூரில் குழி பறித்து
அதைப் புதைத்து
மூக்கால் மண் தள்ளி மூடியது.
நாளைக்கு.

“அடேய், அது நாளைக்கு இருக்காதுடா.”
வாலை ஆட்டியது.

நாலாவதை
விளக்கை அணைத்த பிறகு நானே தின்றேன்.
சீனி இல்லாமல்.
கதவடியில் அதன் மூச்சு கேட்டது.

காலையில் பிரட்டுக்குப் போகையில்
அதே தூரில் தோண்டிக்கொண்டிருந்தது.
ஈர மண். ஒரு கரட் துண்டு. எறும்பு.
தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.
இரண்டு கிலோ கழித்து எழுதும்போது
நாங்கள் தராசைப் பார்ப்போமே,
அந்தப் பார்வை.

இதை நான் எடுக்கவில்லை, கங்காணி.
இதை மட்டும்.