தூரக் கணக்கு

பெலேமில் மழை பிற்பகல் இரண்டு மணிக்கு.
கடிகாரம் இல்லாதவர்களும் அதற்குமுன் தார்ப்பாயை இழுத்துவிடுவார்கள்.
என் வயிற்றிலும் ஒன்று வந்தது
அப்படியே, சொல்லிவைத்தாற்போல்.

பேருந்தில் சீட்டு கொடுப்பவள் நான்.
சுழல்கம்பியைத் தாண்டி இருக்கைக்குப் போகும்போதெல்லாம்
அது இடிக்கும் இடம்
தழும்பின் இடது முனை.
அடாயில்டனை வெளியே எடுத்த வழி.
அவனுக்கு நாலு வயது முடிவதற்குள்
அங்கே ஒரு முந்திரிக்கொட்டை விளைந்திருந்தது.

தையல் நூல், கரைந்துவிடும் என்றார் முதல் மருத்துவர்.
இரண்டாமவர் குடலிறக்கம் என்று இருமச் சொன்னார்.
இருமினேன்.
மூன்றாமவர் சீழ் என்று ஊசி நுழைத்தார்.
வந்தது சீழ் இல்லை,
பழுப்பாய், கெட்டியாய், உருக்கிய சாக்லேட் மாதிரி.
துடைத்துப் போட்டுவிட்டு மாத்திரை எழுதினார்.
பிள்ளை பெற்ற வயிறு அப்படித்தான் என்றாள் எதிர்வீட்டு நெய்தி.

ஸ்கேன் அறையில் தெல்மிரா மட்டும்
எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை.
என்றைக்கு, என்று கேட்டாள்.

பையைத் திறந்தேன்.
வசூல் கணக்குத் தாள்களின் பின்பக்கம்
பாவாடை நாடா பட்டாலே உயிர் போகிற நாட்களுக்கெல்லாம்
ஒரு பெருக்கல் குறி.
ஏன் போட்டுவைத்தேனோ, கணக்கெழுதும் கை சும்மா இருக்காது.
பதினோரு தாள்களைப் படுக்கையில் பரப்பினாள்.
இருபத்தெட்டு நாள். இருபத்தொன்பது. மறுபடி இருபத்தெட்டு.
“ஜுசிலேனி, உன் தழும்புக்கும் மாதவிலக்கு.”

சிரித்தேன்.
இரண்டு இடத்தில் தூரமாகிறவள்,
ஒரே சம்பளத்துக்கு.
பிறகு கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

கருப்பையின் உள்தோலில் ஒரு துணுக்கு
அன்றைக்குக் கத்தியோடு கிளம்பி
தோலுக்கும் தசைக்கும் நடுவே இறங்கிவிட்டதாம்,
தூங்கிப்போய்த் தவறான நிறுத்தத்தில் இறங்கிய பயணி.
இடம் மாறியும் பழைய நாட்காட்டியை விடவில்லை.
மாதாமாதம் கசிகிறது, வெளியேற வாசல் இல்லை.
எண்டோமெட்ரியோசிஸ்.
சொல்லிப் பார்த்தேன். நாக்கில் நாலு இடத்தில் வண்டி நின்றது.

மாத்திரை மூன்று மாதம் அதைத் தூங்கவைத்தது.
நிறுத்தினேன், விழித்துக்கொண்டது.
அப்புறம்தான் அறுவை.
கட்டியோடு, சுற்றிலும் ஒரு விரற்கடை நல்ல சதையையும் எடுத்தார்கள்.
நல்லதை எதற்கு என்றேன்.
ஓரத்தில் துளி மிஞ்சினாலும் திரும்பிவரப் பார்க்கும் என்றார் அறுவை மருத்துவர்.
விழுந்த பள்ளத்தில் வலை வைத்துத் தைத்தார்கள்,
வேரோபேசோ சந்தையில் எந்த மீனவனிடமும் இல்லாத
பொடிக்கண் வலை.

பரிசோதனைச் சாலையிலிருந்து வந்த தாளிலும் அதே பெயர்.
இப்போது தடையில்லாமல் வாசித்தேன்.

இருபத்தெட்டாம் நாள் கம்பி இடித்தது.
இடித்தது, அவ்வளவுதான்.
பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்,
எழுத ஒன்றுமில்லை.
மழை மட்டும் வந்தது.

நேற்று ஒருத்தி ஏறினாள்.
கைப்பையை அடிவயிற்றில் அணைத்து
கம்பியை விரல்நுனியால் தள்ளினாள்.
சில்லறையைக் கொடுக்கும்போது கேட்டுவிட்டேன்,
என்றைக்கு வலிக்கும்?
பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
நாலு நிறுத்தம் தள்ளி, இறங்கும் படியில் நின்று
திரும்பாமலே சொன்னாள்:
மாதக் கடைசியில்.