காந்தம்

மூத்தவளின் பள்ளி உணவுப் பட்டியலை
ஃப்ரிட்ஜ் கதவில் பிடித்துவைத்திருந்த
ஸ்ட்ராபெரிக் காந்தத்தை உருவி எடுத்துக்கொண்டு
ஞாயிற்றுக்கிழமை காலை வேன் பார்க்கக் கிளம்பினோம்.

பார்னு நகரில் மார்ச் மாதம்.
பனி உருகிச் சேறு, சேறு முழுக்க உப்பு.
குளிர்காலம் பூராவும் சாலையில் தூவிய உப்பு
இப்போது எல்லா வண்டிகளின் அடிவயிற்றையும்
சத்தமில்லாமல் மென்றுகொண்டிருக்கிறது.

எங்கள் காரின் பின்பக்கத்தில்
மூன்று குழந்தை இருக்கைகள் அடங்கா.
ஹில்யா பிறந்த நாளிலிருந்து
யாரையாவது விட்டுவிட்டுத்தான் எங்கேயும் போகிறோம்.
கோடையில் நார்வேக் கடற்கரை என்று
டார்மோ சுவரில் வரைபடம் ஒட்டியிருக்கிறான்,
சிவப்பு மையில் நீளமாக ஒரு கோடு.
கோடு போடச் செலவில்லை.

நான் எக்ஸ்-ரே எடுப்பவள்.
தோலில் ஒரு கீறலும் இல்லாத கைக்குள்
எலும்பு மயிரிழையாக விட்டிருப்பதைத்
தினம் பார்க்கிறவள்.
சனிக்கிழமை இரவுகளில்
பக்கவாட்டில் இடிபட்டு வருகிறவர்களிடம்
மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறவள்.
இத்தனை பழைய வேனில்
பக்கவாட்டுக் காற்றுப்பை கிடையாது.
மூன்று முறை சொல்லியாயிற்று.
"பஸ்ஸில் மட்டும் இருக்கிறதா?" என்றான் டார்மோ.
பதில் இருந்தது.
குழந்தைகள் எதிரில் சொல்லவில்லை.

முதலில் பார்த்த வேன் வெள்ளை.
காந்தம் எங்கே வைத்தாலும் ஒட்டியது.
எஞ்சினைக் கழுவித் துடைத்திருந்தார்கள்,
நாங்கள் போகும்போதே அது சூடாக இருந்தது.
"ஒரு குறையும் இல்லை" என்றார் அந்த ஆள்.
வலியே இல்லை என்கிறவர்களைத்தான்
நான் இன்னொரு படம் எடுப்பேன்.

இரண்டாவது, ஹெய்னோவுடையது.
இருபத்தாறு வயது. மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்.
ஊர் பாண்டு வாத்தியக் குழுவை
கல்யாணத்துக்கும் சாவுக்கும் சுமந்த வண்டி.
பானட்டைத் தொட்டேன், சில்லென்றிருந்தது.
சாவியைத் திருப்பியதும் இருமி, நீலமாகப் புகைத்து,
பிறகு ஒரு தினுசாகச் சமாதானமானது.
டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதை
பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துத் தந்தார்.

வலது கதவு, ஒட்டியது.
பின்கதவு, ஒட்டியது.
இடதுபக்க அடிச்சட்டத்தில் வைத்தேன்,
ஸ்ட்ராபெரி சேற்றில் விழுந்தது.
துடைத்து மறுபடி வைத்தேன்.
மறுபடி விழுந்தது.

"அங்கே பிடிக்காது" என்றார் ஹெய்னோ.
"உள்ளே இரும்பு இல்லை. புட்டி.
வெல்டிங்குக்கு எழுநூறு கேட்டான்,
நானே பூசி, பெயின்ட் அடித்துவிட்டேன்."
கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்து
ஓட்டையின் அளவைக் காட்டினார்.
"விளம்பரத்தில் போடவில்லையே?" என்றேன்.
"நீங்கள் வந்திருக்க மாட்டீர்களே."

கடைசி வரிசை பெல்ட்டுகளை
ஒவ்வொன்றாக வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன்.
இரண்டு உடனே பிடித்தன. ஒன்று யோசித்துப் பிடித்தது.
யோசிக்கிற பெல்ட்டில் ஏற்கெனவே ஆஸ்கர் உட்கார்ந்திருந்தான்.
இருக்கைக்கடியில் யாரோ விட்டுப்போன
டிரம்பெட்டின் வாய்முனையைக் கண்டெடுத்து
காட்டுவாத்து மாதிரி ஊதினான்.
டார்மோ சிரித்தான். அந்தச் சிரிப்பு
விலைபேச வந்தவன் சிரிப்பு இல்லை.
முழங்கையால் இடித்தேன்.

தெரிந்த முறிவு, தெரியாத ஆரோக்கியம்.
ஆஸ்பத்திரியில் என்றால் எனக்குக் குழப்பமே வராது.
இங்கே என் பிள்ளைகள் உட்கார வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பட்டறையில்
புட்டியை உடைத்து, அழுகியதை வெட்டித் திறந்து
என் கண்ணில் காட்ட வேண்டும்.
பெல்ட் புதிதாக வேண்டும்.
அதற்குப் பிறகுதான் மூவாயிரமா, அதற்கும் கீழா,
இல்லை, வணக்கமா என்ற பேச்சு.
இரும்புக்கு அதுதான் எக்ஸ்-ரே.
ஹெய்னோ தலையைச் சொறிந்தார்.
நூறு யூரோ முன்பணம் வாங்கிக்கொண்டு
தேன் வேண்டுமா என்று கேட்டார். வாங்கினோம்.

இரவு. டார்மோ தூங்கிவிட்டான்.
அவனுடைய சிவப்புக் கோடு இன்னும் விழித்திருக்கிறது.
தூக்கம் வராமல் எழுந்து வந்த லீடா
நாளைக்குப் பள்ளியில் என்ன சாப்பாடு என்றாள்.
தெரியவில்லை.
பட்டியல் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் விழுந்திருக்கிறது.
காந்தம் ஹெய்னோவின் முற்றத்தில்,
வேனின் பின்கதவில்,
இரும்பு இருக்கிற இடத்தில்.