கொரே, சொரே, அரே

ஆரப்பாளையம் நிலையத்துக்கு எதிரே
டயர்க்கடை மாடியில் வகுப்பு.
கொரே என்றால் என் கையில் இருப்பது:
பாதி தேய்ந்த பென்சில்.
சொரே, உன்னிடம் இருப்பது:
ஜெபக்கனி இன்னும் பிரிக்காத பரோட்டாப் பொட்டலம்.
அரே, இருவருக்கும் எட்டாதது.
எங்கே, காட்டுங்கள் என்றார் மிஸ்.
பத்தொன்பது கைகளும் சன்னலுக்கு வெளியே நீண்டன.
தேனி தேனி என்று கத்திக்கொண்டிருந்த நடத்துநர்
தன்னைத்தான் என்று நினைத்து
சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தார்.

பெரியாஸ்பத்திரியில் எனக்கு இரவுப் பணி.
பதினோராம் படுக்கைக்காரர் கைநீட்டி
"அத எடுத்தாம்மா" என்றார்.
தூக்கக் கலக்கத்தில்
"அரேவா?" என்று கேட்டுவிட்டேன்.
"ஆமா, அரேதான்" என்றார்
அவ்வளவு தெளிவாக.
விரல் போன திசையில்
தண்ணீர்ப் பாட்டில் இருந்தது,
அதற்குப் பின்னால் கதவும்.
பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.