கைமாற்று

கொட்டாஞ்சேனை, மூன்றாம் மாடி.
அரிசி வாளிக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவில்
ஒரு பழைய கணினி விடிய விடிய ஓடுகிறது.
திரை இல்லை, விசைப்பலகை இல்லை.
தண்ணீர் குடிக்க நான் எழும்பும் நேரங்களில்
பச்சையாக ஒரு புள்ளி மட்டும் சிமிட்டும்.

அதற்குள்ளால் ஆட்கள் போகிறார்கள்.
மூன்று உறை போட்டு ஒட்டிய கடிதம் மாதிரி ஒன்று வரும்.
மேலுறையை உரிக்க மட்டும் எனக்கு அனுமதி.
உரித்தால் அடுத்த கையின் விலாசம்.
தந்த கையைத் தெரியும், எழுதிய கையைத் தெரியாது.
எங்கள் ஒழுங்கையில் கைமாற்றுக்கு
ஒருவரும் துண்டு எழுதுவதில்லை, அப்படித்தான் இதுவும்.
சம்பளம் கிடையாது.
கரண்ட் பில்லில் மாதம் ஆயிரத்துச் சொச்சம் கூடும்.

சம்பளம் தருவது துறைமுகம்.
சிட்டகொங்கிலிருந்து வந்த பெட்டி
ஹம்பர்க் கப்பலுக்கு மாறும்.
இங்கே இறங்கும், இங்கே ஏறும்,
ஆனால் கொழும்புக்கு வராது.
சீல் இலக்கத்தைப் பார்ப்பேன்,
உடையவில்லை என்று பதிவேன்.
உள்ளே சேட்டோ சப்பாத்தோ,
பதினொரு வருடத்தில் ஒரு பெட்டியும் எனக்குச் சொன்னதில்லை.
இரண்டும் ஒரே வேலை என்று
ஒருநாள் கிரேனுக்குக் கீழே நின்று விளங்கி,
தனியாகச் சிரித்தேன்.

லைன் பார்க்க வந்த அசங்க கேட்டான்:
"வீட்டில ரெண்டு பேர்தானே மிஸ்,
இவ்வளவு டேட்டாவும் யார் குடிக்கிறது?"
படம் பார்க்கிறோம் என்றேன்.
அவன் பச்சைப் புள்ளியைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
தேத்தண்ணீரை முடித்துவிட்டுப் போனான்.

தங்கச்சி ஷெரின்தான் விடவில்லை.
"கள்ளனும் இதாலதானே போவான்?"
போவான்.
ஆமர் வீதியாலும் போகிறான்தானே என்றேன்.
"ஆமர் வீதியை நீ உன்ர குசினியில வச்சிருக்கேல்லையே."
அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.
அன்றிரவு வயரைப் பிடுங்கப் போய்
பிளக்கில் கைவைத்தபடி குந்தியிருந்தேன்.

கதவு கண்ணில் பட்டது.
கதவின் பின்பக்கம், நாலு மூலையிலும்,
பசை காய்ந்த தடம்.
இருபது வருடமாகச் சுரண்டியும் போகவில்லை.
அங்கே ஒரு தாள் இருந்தது, பொலிஸ் முத்திரையோடு.
வீட்டில் இருப்போர் விபரம்.
அமலினி, பெண், ஒன்பது, மாணவி.
ஷெரின், பெண், ஐந்து.
பிறந்த இடம். நிரந்தர முகவரி.
கொழும்பில் தங்கியிருப்பதன் காரணம்.
அந்தக் கட்டத்தில் அம்மா
படிப்பு என்று எழுதி, வெட்டி,
வசிப்பு என்று எழுதினா.
அதற்கும் காரணம் கேட்டார்கள்.

இரவில் டோர்ச் அடித்து எண்ணுவார்கள்.
பாயில் கிடக்கும் தலையும்
தாளில் கிடக்கும் பெயரும் சரிவர வேண்டும்.
ஒருமுறை ஒரு தலை கூடிப்போனது:
பாஸ்போர்ட் எடுக்க வந்த ஜெயறூபன் சித்தப்பா.
மூன்றாம் நாள் திரும்பி வந்து
சப்பாத்தைக் கழற்றாமல் சாப்பிட்டார்.
நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.
குழம்பு ஊற்றிக்கொண்டே இருந்தா அம்மா.

பிளக்கிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

பிறகு கரண்ட் வெட்டுக் காலம்.
நூற்றுப் பன்னிரண்டு நாள் நிற்காமல் ஓடியது
ஒரு மத்தியானத்தில் பூச்சியமாயிற்று.
ஊரடங்கு போட்டு, முகநூலையும் அடைத்த அந்த இரவு,
விசிறி ஒரு மாதிரி இரைந்தது.
வரவும் போக்கும் நாலு மடங்கு.
யார், எந்த ஊர், தெரியாது.
சுவருக்கு அந்தப் பக்கத்துப் பெடியனாகவும் இருக்கலாம்,
மூன்று நாட்டைச் சுற்றி
என் அரிசி வாளியைத் தாண்டிப் போயிருக்கலாம்.
வந்து யாரும் கேட்டால்
எண்ணிக் காட்ட என்னிடம் தாள் இல்லை.

நேற்றுப் பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன்.
விசிறிக்குப் பின்னால், சூட்டோடு ஒட்டி,
பல்லி இரண்டு முட்டை இட்டிருந்தது.

வீட்டில் இருப்போர்?

மெல்ல மூடி
ஆணியை முறுக்கினேன்.