பின்பக்கம் என்ன எழுதலாம்

சூரிச்சில் யாரோ ஒரு பையன் வளர்ந்துவிட்டான்.
அதனால் எங்களுக்கு ஒரு தள்ளுவண்டி வந்தது,
சொக்லட்டுக்கும் சம்பூவுக்கும் நடுவே,
கால் கட்டிய ஆடுபோல மடிந்து.

விரித்தேன். சாம்பல்.
கைபிடி சாம்பல். கூரை சாம்பல். பட்டியும் சாம்பல்.
பனிக்கு அது தோதான நிறமாயிருக்கும்.
கல்லடி வெயிலில்
யாரோ மறந்துவிட்டுப் போன நிழலாய் நின்றது.

"பொறுகா" என்றான் புவிதரன்.
ஓட்டோக்காரனைக் கட்டியவளுக்குத் தெரியும்
அந்தப் பொறுகாவின் விலை.

மறுகா ஒரு கிழமை
திருமலை வீதிப் பாட்ஸ் கடையிலிருந்து
ஒவ்வொன்றாய் வீட்டுக்கு வந்தன.
கைபிடிக்கு மஞ்சளும் பச்சையுமாய் வயர்ப் பின்னல்.
கூரை ஓரத்துக்குக் குஞ்சம்,
அவன் ஓட்டோவில் ஆடுகிற குஞ்சத்தின் தங்கச்சி.
சில்லுகளுக்குச் சிவப்பாய் மின்னும் ஸ்டிக்கர்.
உள்ளங்கை அகலத்தில் வெட்டிய
இரண்டு மட்ஃபிளாப்.
"சேறு எங்க, ஸ்பீட் எங்க?" என்று கேட்டேன்.
"வண்டி எண்டா வண்டிதான்" என்றான்.

ஹோனும் பூட்டினான்.
ஒரே ஒரு தரம் அடித்தான்.
பிள்ளை அழுது, பக்கத்து நாய் அழுது,
நான் கத்தி,
அன்றைக்கே அது கழன்றது.

என் பங்குக்கு
எட்டாம் மாதத்தில் போட்ட சட்டையை வெட்டினேன்,
செம்மஞ்சள் பூப்போட்டது.
மெத்தைக்கு உறை தைத்தேன்.
முன்னே அவளை மூடிக்கிடந்த துணி
இப்போது அவளுக்குக் கீழே.

மிச்சம் பின்பக்கம் மட்டும்.
ஓட்டோ என்றால் பின்னால் ஏதாவது எழுதவேண்டுமே.
ஆஸ்பத்திரி ஸ்டாண்டில் இரண்டு நாள் கூட்டம் போட்டார்கள்.
'பொறாமைப்படாதே' என்றான் நிசாம்தீன்.
'கடனுக்கு ஏற்றமாட்டோம்' என்றார் தெய்வேந்திரம்.
'முந்தினால் முந்து, அப்பா பார்க்கிறார்' என்று
ஒருவன் எழுதியே கொண்டுவந்தான்,
எழுத்துப் பிழையோடு.
புவிதரனுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

புதன்கிழமை கிளினிக்.
செருப்புகளுக்குப் பக்கத்தில் வண்டியை விட்டேன்.
வெளியே வந்தால் அதைச் சுற்றி
ஊசி போட்ட பிள்ளைகள்,
அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு
குஞ்சத்தை இழுத்துக்கொண்டு.
மிட்வைஃப் மிஸ் எட்டிப் பார்த்துக் கேட்டா:
"இதுக்கும் ஒரு கார்ட் போடவா?"

இந்த வாங்கில் என்னை
'ரெண்டு தரம் கலைஞ்ச பிள்ளை' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்,
மெதுவாய்,
எனக்குக் கேட்கிற அளவுக்கு மெதுவாய்.
அன்றைக்குப் பின்னாலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள்:
"ஓட்டோ வண்டிக்காரி, உங்கட நம்பர் வந்திட்டு!"
எழும்பிப் போனேன்.
ஆறு கிலோ நானூறு.

இத்தனைக்கும் மிதுஷா
மஞ்சளைப் பார்க்கவில்லை, பச்சையைப் பார்க்கவில்லை.
மூடாமல் விட்ட சாம்பல் பட்டியின் நுனியை
வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறாள்,
அதில்தான் ருசியெல்லாம் இருப்பதுபோல.
புவிதரன் அதை ஒரு நாள் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி குடித்தான்.

போன வெள்ளி கரண்ட் போன நேரம்
கடற்கரையிலிருந்து திரும்பினோம்.
மணல் நரநரக்கும் சில்லோடு
றோட்டோரமாய் நான் தள்ள,
அவன் ஐஸ் பழத்தோடு பின்னால்.
கல்முனை பஸ் ஒன்று வந்தது, வழக்கமான வேகத்தில்.
அதன் வெளிச்சம் பட்டதும்
நாலு சில்லும் சிவப்பாய் எரிந்தன.
பஸ் வேகம் குறைந்தது,
வெட்டி விலகி,
பக்கத்தில் ஊர்ந்தது.
ட்ரைவர் தலையை வெளியே நீட்டிக் கேட்டார்:
"எந்த ஸ்டாண்ட் தங்கச்சி?"

நான் சிரித்தேன்.
புவிதரன் சிரிக்கவில்லை.
பஸ்ஸின் பின்விளக்கு பாலம் ஏறுமட்டும்
கையில் ஐஸ் பழம் வடிய நின்றான்.
வீட்டுக்கு வந்து, டோர்ச் அடித்து,
ஸ்டிக்கர் ஒவ்வொன்றையும்
பெருவிரலால் திரும்ப அழுத்தினான்.

பின்பக்கம் இன்னும் வெறும் சாம்பல்தான்.
அடிமட்டம் வைத்துப் பென்சிலால் கீறிய
இரண்டு கோடு கிடக்கிறது.