நான்கு வோல்ட்

நரின் நகரம். மைனஸ் இருபத்தாறு.
சாவியைத் திருப்பினால் லாடா
ஒரு தடவை 'டக்' என்கிறது. அவ்வளவுதான்.

பேட்டரி விற்ற தெமிர்பெக்கைச்
சந்தையில் நாலு பேர் முன்னால்
திருடன் என்றிருந்தாள் குல்சைரா.
பதினேழு நாளாகப் பேச்சில்லை.

இன்று இரவல் மீட்டர்.
பேட்டரியில் பன்னிரண்டரைக்கு மேல். முகவிளக்கும் பளிச்.
ஒரு முனை நெகடிவில்,
மறுமுனை எஞ்சின் இரும்பில்,
மகன் சாவியைத் திருப்ப
நான்கு வோல்ட்,
ஒன்றுமே காட்டக் கூடாத இடத்தில்.

எர்த் வயரின் அடியில்
முப்பது குளிர்காலம் பூத்திருந்த உப்பு.
உப்புத்தாளால்
வெள்ளி தெரியும்வரை தேய்த்தாள்.

அணைக்கப் பயந்து
உறுமவிட்டபடியே சந்தைக்குப் போனாள்.
கடையெதிரே நிறுத்தி
ஹாரனில் வைத்த கையை எடுத்துவிட்டாள்.

அவனே வந்தான்.
"சோக்கை உள்ளே தள்ளு," என்றான்,
"பெட்ரோல் நாறுது."