பூவிலேயே விற்றது

நவம்பர். பானையில் அரிசி தீரும் மாதம்.
வனிலாக் கொடி பூக்கும் மாதமும் அதுதான்.
இரண்டும் சேர்ந்து வருவதில்
எங்கள் முதலாளிக்கு ஒரு சௌகரியம் உண்டு.

அந்தலாஹா சாலை சேறாகி
லாரிகள் நின்றுபோன வாரம்
சுவாசாரா வந்தாள்.
இளையவனுக்குக் காய்ச்சல்.
ஒன்றரை மூட்டை அரிசி, மருந்துக்குக் கொஞ்சம் பணம்;
ஈடாக, கொடியில் இன்னும் காய்க்காத நாற்பது கிலோ.
நோட்டில் எழுதியவன் நான்.
கட்டைவிரல் வைத்தாள். மை காய ஊதினாள்,
கஞ்சி ஆற ஊதுவதுபோல.

(சாலை இருந்தால் நவம்பரிலும் அரிசி வரும்,
வேறு வியாபாரியும் வருவான்.
சாலை கேட்டு முதலாளி இதுவரை மனு எழுதியதில்லை.
எழுதச் சொன்னால் நான்தான் எழுத வேண்டும்.)

மறுநாள் விடியலில் தோட்டத்தில் நின்றாள்.
வனிலாப் பூ ஒரே ஒரு காலை திறக்கும்.
அதற்கான வண்டு இந்தத் தீவில் இல்லை.
எலுமிச்சை முள்ளால் உள்திரையை விலக்கி
மகரந்தத்தை அமுக்க வேண்டும்,
ஒவ்வொன்றாக, உச்சிக்கு முன்.
விற்றுவிட்ட பூக்களுக்கு
அவள்தான் வண்டு.

ஏப்ரலில் பச்சைக் காய்கள் மேல்
குண்டூசியால் பெயர் குத்தினார்கள்,
திருடு போனால் அடையாளம் காட்ட.
குத்தியவள் மகள் வுலாசுவா.
வாத்தியாருக்கு அளக்க அரிசி இல்லாமல்
பள்ளியை விட்டவள்.
அவளுக்கு அந்த வருடம் கிடைத்த சிலேட்டு
அந்தக் காய்கள்தான்.
ஓர் எழுத்து மட்டும்
எப்போதும் திரும்பி நிற்கும்.

ஜூலையில் விலை ஆறு மடங்கு.
சுவாசாராவுக்குத் தெரியும்,
ரேடியோ அவள் வீட்டிலும் பாடுகிறது.
ஒன்றும் கேட்கவில்லை.
தராசில் மூன்று கிலோ குறைந்தது.
இரவில் பறித்துப் போனவன் யாரென்று
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்:
அவன் பக்கம் இருபத்திரண்டு.
அவனுக்கும் நவம்பர் உண்டு.
குறைந்த மூன்றையும்
அடுத்த வருடப் பூவில் ஏற்றினேன்.

என்னைத் திட்ட நினைப்பவர்கள்
பக்கம் பதினேழைப் புரட்டிப் பார்க்கலாம்.
அது என் பெயர், என் கையெழுத்திலேயே.

கட்டு கட்டும்போது ஒரு காய் கண்ணில் பட்டது.
பெயர் இல்லை அதில்.
"வாரி" என்று குத்தியிருந்தாள்.
எங்கள் மொழியில் அரிசி.
எழுத்து ஒன்றும் திரும்பவில்லை.

முதலாளி பார்ப்பதற்குள்
கட்டின் நடுவில் செருகிவிட்டேன்.
ஏன் ஒளித்தேன் என்று தெரியவில்லை.
காய் உலர்ந்து கறுத்தாலும்
ஊசி குத்திய இடம் மறையாது என்பார்கள்.
எந்தத் துறைமுகத்தில் இறங்கி
யார் சமையலறையில் கீறப்படுமோ,
அங்கே ஒருவர் அதைத் தடவிப் பார்த்து
பூச்சி அரித்ததென்று நினைக்கலாம்.